படம் கடந்து வந்த கைகள்

மலேசியாவின் கோத்தா திங்கியைப் போன்ற ஊரில், கடைத்தெருவில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதும், ஒரு வீட்டுச் சேதி மறுநாள் விடிவதற்குள் தோட்டத்து லயங்களுக்கெல்லாம் எட்டிவிடுவதும் சகஜமான இடத்தில், தனிமையில் மாத்திரம் சேலையுடுத்திப் பார்க்கும் ஆடவர் ஒருவர் அந்தக் கோலத்தில் தமக்கென்று ஒரு படம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், ஃபிலிம் காலத்தில் எத்தனை பேருடைய தயவு அவருக்கு வேண்டியிருக்கும்! சுருளைக் கழுவுகிறவர் பார்ப்பார், அச்சிடுகிறவர் பார்ப்பார், உறையிலிட்டுக் கொடுக்கிறவர் படத்தையும் எதிரே நிற்பவரையும் ஒருங்கே பார்ப்பார். கண்ணாடி காட்டும் கோலம் சேலையைக் களைந்ததும் போய்விடுகிறது. படமோ மறுவருஷமும் இருந்து, அவரும் ஒருவர் உண்டென்று அவருக்கே சாட்சி சொல்கிறது. இந்த விருப்பத்தை வீண் அலங்கார மோகமென்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

பெண்வேடம் தமிழருக்குப் புதிதன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தோற்றுவித்த சுகுண விலாச சபையிலும், ஊரூராய்ச் சென்ற நாடகக் கம்பெனிகளிலும் ஸ்திரீபார்ட் நடிகர்கள் பெருமதிப்புடன் விளங்கினர். ஆனால் அந்த மதிப்பு அரங்கத்தின் திரையோடு நின்றுவிட்டது.

யாருடைய தயவுமின்றித் தம்மைப் படமெடுத்துக்கொள்ளும் பாக்கியம் பழங்காலத்தில் புகைப்படக் கலைஞருக்கே வாய்த்தது. நார்வே தேசத்து ஹோர்ட்டன் நகரில் 1895 முதல் ஸ்டூடியோ நடத்திய மரீ ஹோக், பொலெட்டே பெர்க் என்னும் இரு பெண்மணிகள், பகலில் ஊராருக்குக் கௌரவமான படங்களை எடுத்துத் தந்துகொண்டே, தங்களுக்காக வேறு சில படங்களையும் எடுத்தனர். அவற்றில் மரீ ஹோக் மீசை வைத்து, ஆண்மகனின் உடையில் நிற்கிறார். இருட்டறையும் அவர்களுடையதே ஆகையால் பிறர் கண் படவில்லை. 'அந்தரங்கம்' என்று குறித்த பெட்டியில் அப்படங்களின் கண்ணாடித் தகடுகள் 1980-களில்தான் அகப்பட்டன.

இருட்டறையே வேண்டாத காமிராவை அமெரிக்காவில் எட்வின் லேண்ட் 1947-இல் செய்து காட்டினார். மறுவருஷம் அது விற்பனைக்கு வந்தது. போலராய்டு என்ற அந்த யந்திரம் ஒரு நிமிஷத்தில் படத்தை எடுத்தவர் கையிலேயே தந்தது. பிரதி எடுக்க நெகட்டிவும் மிஞ்சாது. பெண்ணுடையில் வெளியே வரும் ஆடவரைப் போலீஸார் கைதுசெய்யக்கூடிய காலம் அது. அக்காலத்தில், நியூயார்க் மாகாணத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், சூசன்னா வாலன்டி என்ற பெயர் பூண்டவரும் அவருடைய மனைவி மரீயும் நடத்திய விடுதிக்கு, மனைவி மக்களோடு வாழ்ந்த குடும்பஸ்தர் பலர் வார இறுதிகளில் வந்து தங்கி, பெண்ணுடையில் ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டனர். சிலவற்றைப் போலராய்டு தந்தது. சிலவற்றை அவர்களுள் ஒருவரே வீட்டில் கழுவிக் கொடுத்தார். 2004-இல் நியூயார்க் பழம்பொருள் சந்தையொன்றில் கிடைத்து, மறுவருஷம் நூலாகவும் வெளிவந்த அந்தப் படங்களில் என் நெஞ்சைத் தொடுவது அவற்றின் சாதாரணத் தன்மையே. சினிமா நட்சத்திரத்தின் மினுக்கு சிலவற்றில் உண்டு. ஆயினும் பலவற்றில் அவர்கள் சும்மா உட்கார்ந்து பேசுகிறார்கள், சொல்விளையாட்டு ஆடுகிறார்கள். அண்டை வீட்டு அம்மாளைப்போல் ஒரு பிற்பகலைக் கழிப்பதுதான் அவர்கள் வேண்டிய வரம்.

ஜப்பானில் 1999-இல் கியோசெரா கம்பெனியின் கைபேசி, பேசுகிறவர் முகத்தையே நோக்கும் காமிராவுடன் வந்தது. இன்று அத்தகைய காமிரா எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. கொசுவம் சரியாக விழுந்ததா, பொட்டு நடுவில் அமைந்ததா என்பதைப் படமெடுக்குமுன்பே திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கடைக்காரர் எதிரே தலைகுனிய வேண்டியதில்லை. நேயர்களே, இது பெரிய விடுதலை என்றே நான் நம்புகிறேன். ஆயினும் போலராய்டுக்கு இருந்த ஒற்றைப் பிரதி என்னும் காவல் இதற்கு இல்லை. ஒரே கணக்கில் இணைந்த வீட்டுக் கருவிகளில், அறைக்குள் எடுத்த படம் கூடத்தில் பிள்ளைகள் விளையாடும் திரையிலும் வந்து நிற்கக்கூடும். அழித்த பின்னும் பல கைபேசிகளில் அது முப்பது நாள்வரை வேறோர் அறையில் காத்திருக்கும்; பழுதுபார்ப்பவர் கண்ணிலும் படலாம். ஆகவே இத்தகைய படம் வைத்திருப்போர் வீட்டுக் கருவிகளோடுள்ள இணைப்பை முதலில் துண்டித்து, அழித்தவை தங்கும் இடத்தையும் காலிசெய்த பிறகே கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கட்டும்.