தமாலேயில் நாங்கள் கண்ட பெண்மணிகள்
(ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் வடக்கே தமாலே நகரையடுத்த ஒரு சிற்றூரில் பணியின் பொருட்டு ஈராண்டுகள் குடும்பத்துடன் வசித்தோம். அப்பகுதியின் தகோம்பா மக்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்களே.

மே, ஜூன் திங்கள்களில் அங்கே பழைய தானியம் தீர்ந்துவிடும், புதுப்பயிர் விளைந்திராது. ஷியா மரத்தின் கனிகள் உதிர்வதும் அப்போதுதான். பெண்கள் விடியுமுன் சென்று, புல்லில் பாம்பு கிடக்கும் என்றறிந்தும் பொறுக்கி வருவர். கொட்டைகளை அவித்து, உலர்த்தி, உடைத்து, வறுத்து, அரைத்து, நீர்விட்டுக் கையாலேயே நெடுநேரம் பிசைந்து வெண்ணெய் திரட்டுவர். (நாங்களும் பிசைந்து பார்த்தோம், கால்மணி நேரத்தில் தோள் கழன்றது போலாயிற்று.)

பசிக்காலத்தில்தான் வியாபாரி வாசலில் வந்து நிற்பார். கொட்டையாகவே விற்றால் அற்பத் தொகை, வெண்ணெயாக்கினால் கூடுதல். அண்டை வீட்டு விதவைத் தாய் மூட்டையைத் தர மறுத்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஒருவேளைக் கஞ்சியுடன் உறங்கிய இரவுகளை நாங்கள் அறிவோம். "விற்றுவிடலாமே, அம்மா" என்றோம். "இன்று விற்றால் மறுவருடமும் இவரிடமே கையேந்துவேன்" என்றார்.

அறுவடைக்குப் பின் வெண்ணெயைத் தமாலே சந்தையில் விற்றார். படிப்பு நின்றிருந்த மூத்த மகளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கச் சென்றபோது, எங்களையும் துணைக்கு அழைத்துச் சென்றார்.