பிள்ளைக்குப் பிரசாவுரிமை எங்கிருந்து வருகிறது?

(அட்டன் நகரில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



“பிரசாவுரிமைப் பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, இனி அதைப்பற்றி மேடையேறிப் பேச என்ன இருக்கிறது?” என்று இக்கூட்டத்துக்கு வரும் வழியில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பவர் அப்படித்தான் கேட்பார். நான் அவருக்கு விடை கூறவில்லை. அண்மையில் என்னிடம் வந்த ஒரு தகப்பனாரைப்பற்றிக் கூறினேன்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மலையில் வேலை செய்பவர் அவர். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். அடையாள அட்டை வேண்டும். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒருவிதமாகவும், தகப்பனுடைய அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. ஓர் அலுவலகத்தில் இருந்த எழுதுவினைஞர் நிமிர்ந்து பாராமலே, “உம்முடைய அப்பா எந்தச் சட்டத்தின் கீழ் பிரசையானார்?” என்று கேட்டுவிட்டார். இவருக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு ஓடித் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பெட்டிக்குள் பழைய சம்பளத் துண்டுகள், கோயில் திருவிழா நோட்டீசு, செல்லரித்த கடதாசி ஒன்று. அந்தச் செல்லரித்த கடதாசிதான் பாட்டனாரின் பதிவுப் பத்திரம். இலக்கம் இருந்த மூலையை மட்டும் செல் தின்னாமல் விட்டிருந்தது. அந்த ஒரு மூலையால் காரியம் முடிந்தது. அந்த மூலையும் போயிருந்தால்?

ஆகவே இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பாட்டன் பெற்ற உரிமையைப் பற்றியதன்று. அது பேரப்பிள்ளையின் கையில் எப்படி வந்து சேருகிறது என்பதைப் பற்றியது.

ஈழத்து மண்ணில் பிறந்தவன் ஈழத்தவன் என்று நாம் எண்ணுகிறோம். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அப்படி எண்ணவில்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1948 நவம்பர் 15. அதற்கு முன் இங்கு பிறந்தவன் வமிசாவழிப் பிரசையாக வேண்டுமாயின் அவனுடைய தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். இந்நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 1897இல்தான். பதிவே கட்டாயமில்லாத காலத்தில் பிறந்த பாட்டனுக்கு அத்தாட்சி எங்கே போய்த் தேடுவது? கண்டியிலும் காலியிலும் இருந்த சிங்களக் கமக்காரனிடமும் அந்தப் பத்திரம் இருக்கவில்லை. ஆனால் அவனிடம் எவரும் கேட்கவில்லை. நம்மிடம் மட்டுமே கேட்டார்கள். சட்டத்தின் வாசகத்தில் இந்தியர் என்ற சொல்லும் இல்லை, தமிழர் என்ற சொல்லும் இல்லை. ஆயினும் அது எவருடைய கழுத்துக்கு அளவெடுத்த கயிறு என்பது அன்றே தெரிந்திருந்தது. தந்தை செல்வா அவர்கள் அதைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்கள். தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லோரும் அவருடன் நின்றார்கள் என்று கூற எனக்கு ஆசைதான், நடந்தது அதுவன்று.

1948 நவம்பர் 15க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு விதி வேறு. பிள்ளை பிறந்த நேரத்தில் அதன் தந்தை பிரசையாக இருந்தால் பிள்ளையும் பிரசை. “பிறந்த நேரத்தில்” என்ற இந்தச் சொற்களைச் சற்று நிறுத்திக் கேளுங்கள். மலையகத்தில் ஐம்பது ஆண்டுகள் குடும்பங்களைக் கூறு போட்டவை இந்தச் சொற்களே.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இந்நாட்டில் இடைவிடாது வசித்ததைக் காட்டி, 1951 ஆகத்து 5ஆந் திகதிக்குள் மனுச் செய்ய வேண்டும். மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அதே மனுவில் சேர்க்கலாம். அவர்களும் இங்கேயே வசித்தவர்கள் என்று காட்ட வேண்டும். வயதுவந்த மகன் தனக்கெனத் தனி மனுப் போட வேண்டும். ஏறத்தாழ 237,000 மனுக்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கு மேல். கடைசியில் உரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். மகப்பேற்றுக்குத் தாய்வீடு போன மனைவி, குலதெய்வத்துக்கு முடியிறக்கப் போன பிள்ளை, செக்ரோலில் பெயர் மாறி விழுந்த தகப்பன், இப்படி எத்தனையோ காரணங்கள் மனுக்களைத் தள்ளுவதற்குக் கிடைத்தன.

இப்பொழுது மஸ்கெலியாவில் ஒரு லயத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே காம்பரா. தகப்பன் 1951இல் மனுச் செய்தான். 1955இல் பதிவு பெற்றான். மூத்த மகன் 1950இல் பிறந்தவன். இளையவன் 1957இல் பிறந்தவன். இளையவன் பிறந்த நேரத்தில் தகப்பன் பிரசை; ஆகவே இளையவன் வமிசாவழிப் பிரசை. மூத்தவன் பிறந்த நேரத்தில் தகப்பன் பிரசையல்லன். ஆகவே மனுவில் மூத்தவனுடைய பெயரும் இருந்து அதுவும் ஏற்கப்பட்டிருந்தால்தான் அவனுக்கு உரிமை. மனு எழுதிய கணக்கப்பிள்ளை பிள்ளையின் பெயரை விட்டுவிட்டாரா? வயதைப் பிழையாகப் போட்டாரா? போயிற்று. ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரே பானையில் உண்ட இருவரில் ஒருவன் இந்நாட்டான், மற்றவன் நாடற்றவன். மூத்தவனுக்கு 1975இல் ஒரு பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை பிறந்த நேரத்தில் அதன் தந்தையும் பிரசையல்லன். எழுத்துப் பிழை ஒன்று பேரன்வரை இறங்கிப் போகிறது.

பதிவில்லாத திருமணத்தால் வந்த துன்பமும் உண்டு. கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்தவர்கள் நம் பெற்றோர். பதிவுகாரரிடம் போகவில்லை. திருமணமாகாத பெற்றோர் என்று எழுதப்பட்டால், தகப்பன் உடன் கையொப்பமிட்டாலன்றிப் பிறப்புப் பதிவில் தந்தைக்குரிய கட்டம் வெறுமையாகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அத்தகைய பிள்ளை தாயின் வழியைத்தான் பின்பற்ற வேண்டும். தகப்பன் பதிவு பெற்ற பிரசையாக இருந்தும், தாய் நாடற்றவளாக இருந்தால், பிள்ளை தாயோடு போய்விடும். சட்டத்தின் கண்ணுக்கு மஞ்சட்கயிறு தெரிவதில்லை.

1964 ஒக்தோபர் 30ஆந் திகதி சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் “இயற்கைப் பெருக்கம்”. நெல் மூட்டைக்கும் மாட்டுமந்தைக்கும் பொருந்தும் அந்தச் சொல்! 1967ஆம் ஆண்டு அமுலாக்கற் சட்டத்தின் கீழ், ஏழு பேர் இந்தியக் குடியுரிமை பெற்றால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. 1971இல் அதையும் இறுக்கினார்கள்: ஏழு பேர் கப்பலேறினால்தான் நான்கு பேருக்கு இங்கே பதிவு. பொகவந்தலாவையில் ஒரு குழந்தை இந்நாட்டுப் பிரசையாவது, தலைமன்னாரில் வேறொரு குடும்பம் கப்பலேறுவதைப் பொறுத்திருந்தது.

போர் மூண்டு 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வதிவிட விசா முடிந்த பின்னும் லயத்திலேயே இருந்தவர்கள் பல்லாயிரம். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளை இந்தியத் தூதரகத்திலும் பதியவில்லை, இலங்கையும் ஏற்கவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் 1988ஆம் ஆண்டு 39ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர்களுக்கு வழி திறந்தன. மூத்த மகனைப் போன்றவர்கள் அந்த வாசலால் உள்ளே வந்தார்கள். ஆனால் இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களும் அவர்களுடைய மக்களும் அப்பொழுதும் வெளியிலேயே நின்றார்கள்.

அவர்களுக்குக் கதவு திறந்தது 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தால். அவ்வாண்டு ஒக்தோபரில் பாராளுமன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாயிலை அடைத்த சபை, எதிர்ப்புக் குரல் ஒன்றுமின்றித் திறந்தது. கட்சிகளுக்கு வாக்கு வேண்டியிருந்தது என்பாரும் உளர், இருக்கட்டும். சட்டம் கூறுவது இதுதான்: இந்திய வமிசாவழியினரான ஒருவர் 1964 ஒக்தோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்திருந்தால் அவர் பிரசை, அத்தகைய ஒருவரின் வழித்தோன்றலாய் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவரும் பிரசை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் அதைத் துறப்பதாகப் பிரகடனம் செய்து, ஆணையாளரின் மேலொப்பம் பெற வேண்டும். “வழித்தோன்றல்” என்ற அந்த ஒரு சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். 1948இல் பிள்ளையைத் தகப்பனுடைய கடதாசியோடு கட்டினார்கள். 2003இல் பாட்டன் வாழ்ந்த வாழ்வோடு கட்டினார்கள்.

அதே ஆண்டில் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் வந்தது. தந்தை மட்டும் என்றிருந்த இடத்தில் தாயும் சேர்க்கப்பட்டார். இன்று பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரசையானால் போதும். பதிவால் வந்த பிரசை, வமிசத்தால் வந்த பிரசை என்று தரம் பிரிப்பதையோ அரசியல் யாப்பின் 26ஆம் உறுப்புரை 1978இலேயே நீக்கிவிட்டது. இலங்கைப் பிரசை என்ற ஒரே நிலைதான் உண்டு. எவ்வழியாகப் பெற்றார் என்பதைக் காட்டி எக்காரியத்துக்கும் வேறுபாடு செய்யலாகாது. ஓர் உத்தியோகத்தர் உங்களைப் “பதிவுப் பிரசைதானே” என்று இளக்காரமாகச் சொன்னால் இந்த 26ஆம் உறுப்புரையை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். கோபிக்க வேண்டாம், இலக்கம் தெரிந்தவனோடு அவர்கள் அதிகம் வாதாடுவதில்லை.

அப்படியானால் அந்த டிக்கோயாத் தகப்பனார் ஏன் அலைந்தார்? உரிமை சட்டத்தால் தானாக வருகிறது. அதை நிரூபிக்கும் கடதாசி தானாக வருவதில்லை. குழந்தை பிறந்தால் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யுங்கள். பெயரைச் சிங்களத்தில் எழுதும்பொழுது அருகில் நின்று ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். முத்தையா முத்தாய் ஆவதும், இராமாயி இராமாய் ஆவதும் அந்த ஒரு நிமிடத்தில்தான். ஏற்கெனவே பிழை விழுந்திருந்தால் பிள்ளை சோதனை எழுதும் ஆண்டுவரை காத்திராமல் இப்பொழுதே திருத்த மனுப் போடுங்கள். பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு இடமுண்டு. தரகர்களிடம் போக வேண்டாம். பதிவுத் திருமணம் செய்யாதவர்கள் அதைச் செய்துகொள்ளுங்கள். இதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள், பேரன் பேத்தி கண்டபின் பதிவுகாரரிடம் போனவர்களை நான் அறிவேன், அவர்களுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

மத்திய கிழக்கில் வேலை செய்யும் நம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அங்கே குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தந்தையின் பிரசாவுரிமை மட்டும் போதாது, பதிவும் வேண்டும். காலம் கடந்தால் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம், எளிதன்று.

இதே விதிதான் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த நம் பிள்ளைகளுக்கும். கலவரங்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கிருந்தும் துரத்தப்பட்டுக் கடல் கடந்த மலையகக் குடும்பங்கள் எத்தனை! அவர்கள் இடையில் இந்நாட்டில் வசிக்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதபடி 2009ஆம் ஆண்டுத் திருத்தங்கள் வந்தன. முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் அந்தப் பிள்ளை இலங்கைப் பிரசை. அங்கேயே வாழ விரும்புவோருக்கு இந்தியச் சட்டம் கடினமானது. 1987 சூலை முதலாந் திகதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன்; அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும்; 2004 திசம்பர் 3க்குப் பின் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருத்தலும் ஆகாது. இந்திய வமிசாவழியினரான மலையகத் தமிழர் சிலரின் விண்ணப்பங்களை ஆராயுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூனில் பணித்தது. உங்கள் உறவினர் எவரேனும் முகாமில் இருந்தால், பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ்களையும் முகாம் பதிவுப் பிரதிகளையும் பத்திரப்படுத்தும்படி இன்றிரவே கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் மறந்துபோவார்கள்.

நேரமாகிவிட்டது, தலவாக்கொல்லைக்கும் நோர்வூட்டுக்கும் போக வேண்டியவர்கள் கடைசி வண்டியைப் பார்க்கிறீர்கள். மண்டப வாயிலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நானும் இளம் சட்டத்தரணிகள் இருவரும் அங்கே இருப்போம். பாட்டனாரின் பதிவுப் பத்திரமோ, 1988ஆம் அல்லது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற பத்திரமோ கொண்டு வந்தவர்கள் அவற்றின் இலக்கத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். மூலப் பத்திரத்தை எங்களிடமும் தர வேண்டாம்; வேறு எவரிடமும் தர வேண்டாம். பிரதி போதும்.