கடலோரம் குடிபோகலாமா?

(பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



அண்மைக் காலமாக நம் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. நகரத்து வீடு நெருக்கடியாகிவிட்டது. பாகம் பிரித்தால் ஆளுக்கு ஓர் அறைகூட மிஞ்சாது. ஆகவே, கடலோரக் கிராமம் ஒன்றில் மனை வாங்கிக் குடிபோகலாமா என்று கேட்கிறீர்கள். பிரான்சிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பும் சொல்தா குடும்பங்களும் இதையே கேட்கின்றன. இது மனைத் தரகரிடம் மட்டும் கேட்டு முடிக்க வேண்டிய காரியமன்று. செபத்தோடும் கணக்கோடும் முடிவு செய்ய வேண்டிய காரியம்.

இடம் பெயர்வது பாவமல்ல. நம் ஆண்டவரே நாசரேத்தை விட்டுக் கடலோர ஊராகிய கப்பர்நாகூமில் வந்து குடியிருந்தார் என்று மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். நம் காரைக்கால் மக்களுக்கும் இத்தகைய முடிவுகள் புதியவை அல்ல. 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் இந்தப் பகுதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். ஒரு கையெழுத்து மூன்று தலைமுறைக்கு நீளும் என்பதை நாம் நன்கறிவோம்.

முதலாவது, கடலை அறிந்துகொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப ஞாயிறு. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை ஆகிய ஊர்களுக்குள் புகுந்தது. காரைக்கால் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 500 பேர் மாண்டனர். பின்னர் 2008 நவம்பரில் நிஷா, 2018 நவம்பரில் கஜா எனப் புயல்கள் வந்தன. ஆற்று முகத்துவாரம் அருகே இருந்தால், கடல் நீர் ஆற்று வழியாகவும் உள்ளே ஏறும். மணலின் மேல் கட்டிய வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்கு வெறும் உவமையல்ல. கண்ணால் கண்ட செய்தி.

இரண்டாவது, தண்ணீரையும் சுவரையும் பாருங்கள். கடற்கரை மணலுக்கடியில் மழைநீர் உப்பு நீரின்மேல் மெல்லிய ஏடுபோல் மிதக்கிறது. மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால், கீழிருக்கும் உப்பு மேலே ஏறும்; நம் கிணறு மட்டுமல்ல, அண்டை வீட்டுக் கிணறும் கெடும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும். நாம் காவிரியின் கடைமடையில் இருப்பவர்கள்; நல்ல தண்ணீரின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நற்செய்தியின் அறிவுரை.

மூன்றாவது, சட்டத்தைக் கேளுங்கள். 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. ஆயினும் கரையை ஒட்டி வீடு கட்ட இன்றும் கட்டுப்பாடு உண்டு. இடத்திற்கு இடம் தூரம் வேறுபடும். பத்திரம் பதிவானாலே கட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வில்லங்கச் சான்று பார்ப்பதோடு, அந்த மனை எந்த மண்டலத்தில் வருகிறது என்றும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். முன்பணம் அதற்குப் பிறகுதான்.

நான்காவதே எனக்கு முதன்மையானது. அந்த மண்ணில் ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள்? ஆழிப்பேரலைக்குப் பின், 2005 மார்ச்சில் அண்டைத் தமிழ்நாட்டு அரசு பிறப்பித்த ஆணைப்படி, கடலுக்கு 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே புது வீடு பெற்றால் பழைய மனையை விட்டுவிட வேண்டும். ஆபத்து என்று சொல்லி மீனவரை உள்ளே அனுப்பிவிட்டு, காற்று வாங்க வசதி என்று சொல்லி அந்த மண்ணை நாம் வாங்கினால், அதை நீதி என்று சொல்ல முடியுமா? நமக்கு அழகாய்த் தெரியும் மணல் அவர்களுக்கு வலை உலர்த்தும் களம்; படகு ஏற்றும் துறை; கருவாடு காயும் முற்றம். சுற்றுச்சுவர் எழுப்பி அந்தப் பாதையை அடைத்துவிட்டு, ஞாயிறன்று திருப்பலியில் சமாதானம் சொல்வது எப்படிப் பொருந்தும்? மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, மீனவ மக்கள் அவரைத் தம் வீட்டு மாப்பிள்ளையாகவே வரவேற்கிறார்கள். அத்தகைய விருந்தோம்பல் உள்ள ஊருக்கு நாமும் விருந்தாளியின் பணிவோடு போக வேண்டும். உரிமையாளரின் மிடுக்கோடு அன்று.

பெற்றோரையும் மறவாதீர்கள். கோவில் மணியோசை கேட்டே எழுந்து பழகிய தாயைப் பேருந்தும் துணையும் இல்லாத இடத்தில் தனியே அமர்த்திவிட்டு, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டால், அவருக்கு நற்கருணை கொண்டுவருபவர் யார்? இரவில் நெஞ்சு வலித்தால் ஓடிவருபவர் யார்?

ஆகவே, நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். கிணற்று நீரைக் கோடையிலும் சுவைத்துப் பாருங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பாதையும் களமும் எவை என்று கேளுங்கள். வீட்டில் எல்லாரும், முக்கியமாக முதியவர்கள், மனமொத்துச் சரி என்றால் போங்கள். ஒருவரேனும் கண்ணீரோடு சரி என்றால், காத்திருங்கள். நிலம் ஓடிவிடாது.

எங்கே குடியிருந்தாலும் அண்டையாரோடு சமாதானமாய் வாழ்ந்து, யூபிலி காணும் இப்பங்கின் பிள்ளைகளாய் விளங்க எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. விண்மீன் அன்னை நம் கடலையும் கரையையும் காப்பாராக. ஆமென்.