கப்பலும் உரிமமும் இழந்தவர்
(ஆறுமுகநேரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உப்பளத் தோழர்களே!

நம் தூத்துக்குடித் துறையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கடல்வழி அந்நாளில் வெள்ளையனின் தனியுடைமையாய்க் கிடந்தது. 1906இல் அதனை எதிர்த்துக் கப்பற் கழகம் கண்டவர் மாலுமி அல்லர், வழக்கறிஞர் வ.உ.சிதம்பரனார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் ஓடின. வெள்ளையன் கட்டணத்தைக் குறைத்தான். கட்டணமே வேண்டா என்றும் சொல்லிப் பார்த்தான். மக்கள் அசையவில்லை.

1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்க்காகச் சிதம்பரனார் வாதாடி நின்றார். அவ்வாண்டே இரட்டை வாழ்நாட்சிறை என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையின் செக்கு குறையவில்லை. 1912இல் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, வழக்குரைக்கும் உரிமமும் இல்லை.

பின்னாளில் உரிமத்தை மீட்டளிக்க உதவியவர் வாலிசு என்னும் வெள்ளை நடுவர். அந்நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பெயர் நம் செவிக்கு உவப்பன்று, நன்றி உவப்பானதே.

அவ்வறுமையிலும் அவர் தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார்.