பூச்சிக்குப் பூச்சியே காவல்



வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்திருப்பீர்கள். கத்தரி, வெண்டை, அவரை. ஒரு நாள் அவரைக் கொழுந்து சுருண்டு போகும். திருப்பிப் பார்த்தால் கறுப்பாக அப்பிக் கிடக்கும். அதுதான் அசுவினி. செடியின் சாற்றை உறிஞ்சும். உடனே கடைக்குப் போய் மருந்து வாங்குகிறோம். மருந்து என்று சொல்கிறோம். ஆனால் அது விஷம். அந்தக் காயைத்தான் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். அதே கொழுந்தை உற்றுப் பாருங்கள். பளபளவென்று ஒரு சின்ன வண்டு இருக்கிறதா? முதுகில் கறுப்புக் கோடோ புள்ளியோ இருக்கும். அது பொறிவண்டு. அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. அதன் புழு வேறு மாதிரி இருக்கும். நீளமாக, சின்ன முதலை போல ஊர்ந்து போகும். "ஐயோ, புழு!" என்று நசுக்கி விடுகிறோம். நசுக்காதீர்கள். வளர்ந்து வண்டாவதற்குள் அது நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்று விடும்.

விஷம் தெளித்தால் பொறிவண்டும் சாகும். தப்பிய அசுவினி குட்டி போட்டுச் சீக்கிரம் பெருகும். பொறிவண்டு பெருக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அசுவினியைத் தின்ன ஆள் இல்லை. மறுபடி கடைக்குத்தான் ஓட வேண்டும். காசு யாருக்குப் போகிறது?

எல்லாப் புள்ளி வண்டும் நண்பன் இல்லை. கத்தரியில் ஒரு வண்டு வரும். முதுகு மங்கலாக இருக்கும். நிறையப் புள்ளி இருக்கும். அதன் புழு மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் முள். இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். அதைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

சின்னக் குளவிகளும் நமக்கு உதவும். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பக்கத்து மாநிலங்களுக்கும் பரவியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். அதன் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சி அடங்கியது.

குளவிக்குத் தேன் வேண்டும். கொத்தமல்லி, கடுகு, சோம்பு எல்லாவற்றையும் பறித்து விடாதீர்கள். நாலு செடியைப் பூக்க விடுங்கள். வெண்டைக்கு ஓரத்தில் தட்டைப்பயறு போடுங்கள். அதில் அசுவினி வரும். வரட்டும். அதைத் தேடிப் பொறிவண்டும் வரும்.

எறும்பைக் கவனியுங்கள். அசுவினி விடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். பொறிவண்டை விரட்டும். அசுவினி அதிகமானால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். உதிர்ந்து விடும்.

சரி, எழுந்திருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அவரைப் பந்தல் இருக்கிறது. முதலைப் புழு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.