மேலப்பெருமாள் சாமியா, மேஸ்திரியா?

மதுரை என்றதும் உங்கள் மனசு நேராக மீனாட்சி கோயிலுக்குப் போயிருக்கும். நிதானமாகச் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள். நான் பெரியார் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். இங்கிருந்து விளக்குத்தூண் வரைக்கும் நடந்து, ஒரு ஜிகர்தண்டா குடிக்கவேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு.

இந்த ஊரில் நடக்கப் பஞ்சாங்கம் தெரிந்திருக்க வேண்டும். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள். ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. சித்திரைத் தேரோ மாசி வீதியில் ஓடும்! "தேருக்கு வழி தெரியாதா தாத்தா?" என்று சின்ன வயதில் கேட்டேன். "முன்னாடி மாசியிலதான்டா தேரு. திருமலை நாயக்கர் திருவிழாவைச் சித்திரைக்கு மாத்திப்புட்டாரு. வீதியைத் தூக்கி மாத்த முடியுமா?" என்றார்.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் ஒரு வீதி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. கூடலழகர் பெருமாள் பக்கத்திலேயே இருக்கிறாரா, மேலப்பெருமாள் என்றால் அவருக்கு அண்ணன் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்! மேல என்றால் மேற்கு. பெருமாள் நிஜமாகவே ஒரு மேஸ்திரி.

1840 வாக்கில் ஊரைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. உள்ளே மூச்சுவிட இடமில்லை. கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடிக்கச் சொன்னார். எப்படி? இடித்து, அகழியை மேடாக்குகிறவர்களுக்கே அந்த நிலம்! கேட்கவேண்டுமா, ஜனங்கள் கடப்பாரையோடு இறங்கிவிட்டார்கள். அளந்து கொடுத்த சர்வேயர் மாரெட் பெயரில் ஒரு வீதி, வேலையை மேய்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி. மேஸ்திரிக்கு வீதி வைத்த ஊர் வேறு எங்கேயாவது உண்டா, எழுதுங்கள். கீழவாசல், தெற்குவாசல் என்று இன்றைக்கும் கண்டக்டர் கூப்பிடுகிறார், வாசலைத்தான் காணோம். மேற்குப் பக்கத்தில் மட்டும் கோட்டையில் ஒரு துண்டு மிச்சம், இந்த பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே.

அடடா, பேசிக்கொண்டே விளக்குத்தூணுக்கு வந்துவிட்டோமே! இது அந்த பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான். ஜவுளி எடுக்கிற கூட்டத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? பாலும் கடல்பாசியும் நன்னாரியும் போட்டு ஜிகர்தண்டாக் கடைக்காரர் டம்ளரை நீட்டிவிட்டார். ஐஸ்கிரீம் கரைகிறது, வரட்டுமா?