இரசிகன் யாரைப் பாராட்டுவது?

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு வீரர், திரைப்பட வில்லன், மோட்டார்ப் பந்தயம் என்னும் மூன்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு இம்மேடைக்கு வந்துள்ளோம். பெரியோர் சிலர் முகத்திற் புன்சிரிப்புத் தோன்றுகின்றது. "படிக்கும் பிள்ளைகளுக்கு இவை எதற்கு?" என்பது அப்புன்சிரிப்பின் பொருள். பின்வரிசையில் இருக்கும் இளைஞரோ, "இன்றைக்காவது எங்களுக்குப் பிடித்த பேச்சு ஒன்று" என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கின்றனர். இரு பகுதியார்க்கும் சொல்ல எம்மிடம் ஒவ்வொரு சொல் உண்டு.

நாம் உயரம் பாய்ந்தவரல்லேம், அரிதாரம் பூசியவரல்லேம், பந்தயக் காரின் சக்கரத்தைப் பிடித்தவருமல்லேம். நாம் வெறும் இரசிகர். ஆனால் உலகில் ஆடுபவர் சிலர்; பார்ப்பவர் பலர். பலராகிய நாம் எதற்குக் கைதட்டுகின்றோமோ அதுவே நாளடைவில் எம் இயல்பாகிவிடுகின்றது. ஆதலால், இரசிகன் யாரைப் பாராட்டுவது, எதன்பொருட்டுப் பாராட்டுவது என்பது பொழுதுபோக்குக் கேள்வியன்று; வாழ்க்கைக் கேள்வி.

முதலில் மைதானத்துக்குச் செல்வோம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் பெயரை இங்குள்ள பெரியோர் அறிவர். இளைஞரும் அறிதல் வேண்டும். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது அவருக்கு வயது 17. பதக்கம் எதுவும் கிட்டவில்லை. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார், அங்கும் பதக்கமில்லை. 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, இத்தீவுக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தைக் கொணர்ந்தார். பின்னர் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்விப் பணியில் நெடுங்காலம் உழைத்தார். 2024இல் மறைந்தார்.

அன்பர்களே, உயரம் பாய்தலில் ஒரு விசேடம் உண்டு. ஒரே போட்டியில் அடுத்தடுத்து மூன்று தடவை தவறினால் வீரர் விலகவேண்டும். தோற்றவர்கள் எல்லாரும் விலகிய பின்னரும் வென்றவர் குறுக்குக்கம்பை இன்னும் உயர்த்தச் சொல்லலாம். அவர் பாய்ந்துகொண்டே போனால், அவர் போட்டியும் கம்பு விழுவதோடுதான் முடியும். தங்கப் பதக்கம் பெறுபவனுக்கும் அன்றைய கடைசிப் பாய்ச்சல் பெரும்பாலும் தவறிய பாய்ச்சலே. ஹெல்சிங்கியிலும் மெல்பேணிலும் விழுந்த கம்பைப் பார்த்து மனம் விட்டிருந்தால் ரோக்கியோவில் அவர் பெயர் ஒலித்திராது. பரீட்சையில் ஒருமுறை தவறியதும் வீட்டு மூலையில் முடங்கும் எம் இளைஞர் இவ்விளையாட்டைக் கூர்ந்து பார்த்தல் வேண்டும்.

இனி, அன்றைய ஆரவாரம் எத்துணைப் பெரிதாயினும் அது முடிந்த தீர்ப்பாகாது என்பதற்கு எம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் அமெரிக்க வீராங்கனை மரியன் யோன்ஸ் முதலாவதாக வந்தார். எங்கள் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். உலகம் முழுவதும் யோன்ஸையே கொண்டாடியது. 2007இல், தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை யோன்ஸ் ஒப்புக்கொண்டு பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். பிற்பாடு சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. 1948இல் இலண்டனில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் வென்ற வெள்ளிக்குப் பின் இத்தீவுக்குக் கிடைத்த ஒலிம்பிக் வெள்ளி அதுவே. ஆயினும் அது மைதானத்தின் ஆரவாரத்தினிடையே வரவில்லை. ஆண்டுகள் கழித்து அமைதியாக வந்தது.

முத்தையா முரளிதரன் கதையும் இத்தகையதே. 1995ஆம் ஆண்டு மெல்பேணில் நிறைந்த கூட்டத்தின்முன் அவர் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் திரும்பத் திரும்ப அறிவித்தார். முரளி வாய்ச்சண்டைக்கு இறங்கவில்லை. ஆய்வுகூடங்களுக்குச் சென்றார், கருவிகளுக்கும் படப்பிடிப்புக் கருவிகளுக்கும் முன்னால் மீண்டும் மீண்டும் பந்துவீசிக் காட்டினார். 2010இல் காலியில், தமது கடைசி ரெஸ்ற் போட்டியில், 800ஆவது விக்கெற்றை வீழ்த்தி விடைபெற்றார். ஐயத்துக்கு அவர் தந்த மறுமொழி பொறுமையும் உழைப்புமே.

ஆனால் இரசிகராகிய நாம் என்ன செய்கின்றோம்? இரு பாடசாலைகள் மோதும் பெரிய போட்டிகளைப் பாருங்கள். ஆடியவர்கள் கைகுலுக்கி ஒன்றாகத் தேநீர் அருந்திக்கொண்டிருப்பர். பார்த்தவர்களோ வீதியில் நின்று ஏசிக்கொண்டிருப்பர்! வீரனிடம் உள்ள பெருந்தன்மை விசிறியிடம் இல்லையாயின் அவன் எதைப் பார்த்தான்? எண்ணிக்கைப் பலகையைப் பார்த்தான்; ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

நிற்க. இனிப் படமாளிகைக்குள் நுழைவோம்.

கதாநாயகரை எல்லாரும் இரசிப்பர். எமக்கோ வில்லன்மார் மீது தனிப்பிரியம் உண்டு. பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பை மறப்பதெங்ஙனம்? "மகாதேவி", "வஞ்சிக்கோட்டை வாலிபன்" முதலிய படங்களில் அவர் சிரித்தால் முன்வரிசைச் சிறுவர் தாயின் மடியைத் தேடுவர். அந்தச் சிரிப்புக்காரரே பிற்காலத்தில் தயாரிப்பாளராகி "ஆலயமணி", "ஆண்டவன் கட்டளை" போன்ற படங்களைத் தந்தார். டி. எஸ். பாலையா 1936இல் "சதி லீலாவதி"யில் வில்லனாகத் தோன்றியவர். 1965இல் "திருவிளையாடல்" படத்தில் செருக்குமிக்க ஏமநாத பாகவதராக வந்தார். விறகு விற்பவனின் பாட்டைக் கேட்டதும் அவர் முகத்திலிருந்த செருக்கு மெல்ல மெல்ல வடிவதைப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மனிதனின் ஆணவம் அழிவதைக் காட்டிய நடிப்பு அது.

எம். ஆர். ராதாவோ 1954இல் வந்த "இரத்தக்கண்ணீர்" படத்தில் நாயகனும் தாமே, வில்லனும் தாமே என நின்றார். சீமையிலிருந்து திரும்பி, தாயையும் மனைவியையும் இகழ்ந்து, முடிவில் நோயும் தனிமையும் எய்தும் மனிதன் அவன். அவன் கேலிப்பேச்சுக்குச் சிரித்தபடி இருக்கும் நாமே, சற்று நேரத்தில் அவனுக்காகக் கலங்கவும் நேர்கின்றது. ஆர். எஸ். மனோகர் திரையில் வில்லனாக வந்தவர். நாடக மேடையிலோ "இலங்கேஸ்வரன்" நாடகத்தில் இராவணனையே நாயகனாக்கி நிறுத்தினார். எதிரியின் பக்கத்திலும் ஒரு கதை உண்டு என்பதை மேடையேற்றிக் காட்டினார்.

இவர்கள் எல்லாருள்ளும் எம் உள்ளத்தில் முதலிடம் எம். என். நம்பியாருக்கே. கைகளைப் பிசைந்து, கண்களை உருட்டி, தாழ்ந்த குரலில் அவர் சதி பேசும்போது படமாளிகையில் வசைமொழி எழும். 1965இல் வந்த "எங்க வீட்டுப் பிள்ளை"யில் அவர் கையிலிருந்த சாட்டையை நாயகன் பறித்தபோது எழுந்த கரகோஷத்தில் பாதி நாயகனுக்கு உரியதென்றால், மறுபாதி நம்பியாருக்கே உரியது. அவர் அத்துணை வெறுக்கத்தக்கவராக நடித்திராவிடின் அச்சாட்டை பறிபோனதில் எமக்கு என்ன மகிழ்ச்சி? எதிரி சிறியவனானால் நாயகனும் சிறியவனே.

அந்த நம்பியார் வீட்டில் எப்படி இருந்தார்? புலால் உண்ணாதவர், மதுவைத் தொடாதவர், ஆண்டாண்டாக விரதமிருந்து 60க்கும் மேற்பட்ட தடவை சபரிமலைக்குச் சென்றவர், அடியார்கள் குருசாமி என்று வணங்கிய பெரியவர். 2008இல் மறையும்வரை அவர் வாழ்க்கையில் வேடம் வேறு, மனிதன் வேறு.

வில்லனிடம் இரசிகன் கற்கவேண்டியது இதுவே. தோற்பதற்கென்றே எழுதப்பட்ட பாத்திரம் அவருடையது. கடைசியில் அடிபட்டு விழவேண்டும் என்பது தெரிந்தும் முழு வலிமையையும் கொட்டி நடித்தார். படப்பிடிப்பு முடிந்ததும் அத்தீமையை அரிதாரத்துடன் கழுவிவிட்டு வீடு சென்றார். அக்கால இரசிகனும் வீரப்பாவைப்போலச் சிரித்துப் பார்த்தான். வீரப்பாவின் பாத்திரமாக வாழப் புறப்படவில்லை. இன்றைய படங்கள் பலவற்றிலே நாயகனே வாயிற் சிகரெற்றும் கையிற் கத்தியுமாக வருகின்றான். நாயகன் எங்கே முடிந்து வில்லன் எங்கே தொடங்குகின்றான் என்று படம் சொல்லித் தராதபோது, அந்தக் கோட்டை இரசிகனே கீறிக்கொள்ளவேண்டியிருக்கின்றது.

மூன்றாவதாக, மோட்டார்ப் பந்தயம். இதனை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மைதானத்திலே தவறினால் பதக்கம் போகும்; திரையிலே தவறினால் படம் போகும்; இங்கே தவறினால் உயிர் போகும்.

எம் நாட்டுக்கும் இது புதிதன்று. நுவரெலியாவில் நடைபெறும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1930களில் தொடங்கியது. ஆயினும் இவ்வுலகின் பெரிய கதைகள் ஐரோப்பாவில் உள்ளன. அவற்றுள் மூன்றைச் சொல்வோம்.

1958ஆம் ஆண்டு போர்த்துக்கலில் ஒரு பந்தயம். உலக வீரர் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரும் ஆங்கிலேயர்: ஸ்டேர்லிங் மொஸ், மைக் ஹோதோர்ன். பந்தயத்தில் மொஸ் வென்றார். ஹோதோர்ன் இரண்டாவதாக வந்தார். ஆனால் நின்றுபோன காரை எதிர்த்திசையில் உருட்டி இயக்கினார் என்று அவரை நீக்க அதிகாரிகள் எண்ணினர். நீக்கியிருந்தால் நன்மை மொஸ்ஸுக்கே. அந்த மொஸ்தான் அதிகாரிகள்முன் சென்று, ஹோதோர்ன் ஓடுபாதையில் அன்றி ஓரத்து நடைபாதையிலேயே காரை உருட்டினார் எனச் சாட்சி சொன்னார். ஹோதோர்னின் புள்ளிகள் தப்பின. ஆண்டு முடிவில் ஹோதோர்ன் 42, மொஸ் 41. ஒரே புள்ளியால் உலகப் பட்டம் கைநழுவியது. அவ்வாண்டு நான்கு பந்தயங்களை வென்றவர் மொஸ். ஒன்றை வென்றவர் ஹோதோர்ன். 2020இல் மறையும்வரை மொஸ்ஸுக்கு அப்பட்டம் கிட்டவேயில்லை. எனினும் பட்டம் பெற்ற பலரிலும் மேலாக அவர் பெயர் பேசப்படுகின்றது.

1973ஆம் ஆண்டு ஒல்லாந்தில் ரொஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. மற்றக் கார்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. டேவிட் பேர்லி என்னும் ஒருவர் மட்டும் தம் காரை நிறுத்தி, பாதையைக் கடந்து ஓடி, எரியும் காரைத் தனியே நிமிர்த்த முயன்றார். முடியவில்லை, நண்பர் மாண்டார். அன்று பேர்லிக்குப் புள்ளி ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைய பந்தயத்தில் வென்றவர் யார் என்பதை அறியாதவரும் பேர்லியை அறிவர்.

1976ஆம் ஆண்டு ஜேர்மனியில் நிக்கி லவுடா தீயில் வெந்து சாவின் வாசல்வரை சென்றார். ஆறு வாரங்களில் மீண்டும் வந்து காரோட்டி நான்காவதாக வந்தார். அந்த மனிதரே அவ்வாண்டின் கடைசிப் பந்தயத்தில், ஜப்பானிலே பெருமழை கொட்டியபோது, இரண்டு சுற்றுக்களுடன் காரை நிறுத்தி இறங்கிவிட்டார். பட்டம் ஒரு புள்ளியால் ஜேம்ஸ் ஹன்ற்டுக்குப் போயிற்று. தீயைக் கண்டு அஞ்சாதவர் மழைக்கு அஞ்சினார் என்பதா? அல்ல. எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிந்திருந்தார் என்க. 1977இலும் 1984இலும் மீண்டும் உலகப் பட்டம் பெற்றார்.

இளைஞர்களே, பந்தயம் என்றாலே வேகம் என்றுதான் நினைக்கின்றோம். காரோட்டிகளைக் கேட்டாற் சொல்வர்: நேர்ப்பாதையில் எவரும் வேகமாக ஓடலாம், வளைவுக்கு முன் எங்கே பிறேக்கை அழுத்துவது என்பதில்தான் வித்தை இருக்கின்றது. நிதானமாக உள்ளே புகுபவனே வேகமாக வெளியே வருவான்.

அவர்களுக்கு மூடிய பாதை உண்டு, தீப்பிடியாத உடையுண்டு, தலைக்கவசம் உண்டு, பாதையோரம் வைத்தியர் உண்டு. அப்படியிருந்தும் உயிர்கள் போயின. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துட் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி எம் நாட்டிலே தியத்தலாவையில் பந்தயக் கார் ஒன்று பாதை விலகியதில் ஏழு பேர் இறந்தனர்; அவருள் ஒரு சிறுமியும் இருந்தாள். உலகப் பட்டம் வென்ற ஹோதோர்ன், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சில மாதங்களில், 1959 ஜனவரியில், சாதாரண வீதியிலே காரோட்டிச் சென்று விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 29. உலக வீரனையே மன்னியாத வீதி, கவசமின்றி இரண்டு நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார்ச் சைக்கிளில் பறக்கும் எம் தம்பிமாரை மன்னிக்குமா? சந்தியில் ஆடும் ஆடு ஒன்று, முச்சக்கர வண்டி ஒன்று, பாடசாலை விட்டு வரும் பிள்ளை ஒன்று. இவற்றுக்காகப் பந்தயப் பாதையில் எவரும் பிறேக் பிடிப்பதில்லை. எம் வீதியிலோ அதுவே முதல் வித்தை.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் அறைச்சுவரில் ஒரு வீரனின் படத்தைக் கண்டால் கிழிக்கவேண்டாம். அருகில் அமர்ந்து, "தம்பி, இவரை உனக்கு ஏன் பிடிக்கும்?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையில் அவன் எதிர்காலம் ஒருவாறு தெரியும். "எப்போதும் வெல்வார்" என்றால், மொஸ்ஸின் கதையைச் சொல்லுங்கள். "மிகவும் வேகமாக ஓடுவார்" என்றால், லவுடா இறங்கிய கதையைச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, தாராளமாக இரசியுங்கள். கைதட்டும்போது உரக்கத் தட்டுங்கள். ஆனால் வெற்றிக்குத் தட்டும் கையால், எதிரிக்காகச் சாட்சி சொன்னவனுக்கும், நண்பனுக்காக நின்றவனுக்கும், வேடத்தை மேடையிலேயே கழற்றி வைத்தவனுக்கும் ஒருமுறை கூடுதலாகத் தட்டுங்கள். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு மெதுவாகச் செல்லுங்கள்; அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.